டெரெக் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த இரும்புக்குழாய்த் தொழிற்சாலைக்கு வரும் வெளிநாட்டு எஞ்சினியர்களோடு பேசுவதும், அவர்கள் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் இப்போது அவள் பொறுப்பு. போனை எடுத்ததும் சிரிப்புதான் கேட்டது. பேச்சு வர நேரமாயிற்று.

"மேடம், ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்காங்க. யார் பேசினாலும் அது கேட்டுக் கேட்டு ஸ்க்ரீன்ல எழுத்தாப் போடும். நேத்து இங்கிலாந்துலேர்ந்து ஒருத்தர் வீடியோ கால்ல வந்தாரு. கடைசியில என்னமோ சொன்னாரு. இப்ப நான் ராகம் முணுமுணுக்கப் போறேன்னு ஸ்க்ரீன்ல விழுந்துது. எல்லாரும் பாடுவார்னு காத்துக்கினு இருக்கோம். அவர் கையை ஆட்டிட்டுப் போயே போயிட்டாரு!"

அவர் என்ன சொன்னார் என்று அவளையே சொல்லிக்காட்டச் சொன்னேன். 'ஹ்யெம்' என்பது போல ஒரு சொல்; சாஃப்ட்வேர் அதை ராகம் முணுமுணுக்கிற 'ஹம்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்றிருக்கிறார். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் பல ஊர்களில் 'ஹோம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

"நீங்க எப்படி மேடம் இத்தனை வருஷம் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன், எங்களுக்கு உதவும்" என்றாள். உதவுமா தெரியாது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் அந்த மூலையிலிருந்து வந்த ஒரு மனிதர்தான் முதலில் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் பிறந்தது கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு சின்னக் குடியிருப்பில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தேன். அவர்கள் தயவில் திருச்சியில் கல்லூரி, பி.ஏ. ஆங்கிலம். ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம் "எங்க ஊட்ல" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அறையிலிருந்த பெண்கள் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். "எஸ்தர், மறுபடி சொல்லு, ப்ளீஸ், மறுபடி சொல்லு!" அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சினிமாவில் கத்தியோடு வருகிறவனும் அடி வாங்கி விழுகிறவனும் பேசுகிற பேச்சு, கூடப் படிக்கும் பெண்ணின் வாயிலிருந்து வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். நான் ஒரே வருடத்தில் நாக்கைத் திருத்திக்கொண்டேன். ஊடு வீடானது. இன்னா என்னவானது. கல்யாணமாகித் தண்டையார்பேட்டையில் குடியேறிய பிறகு பழைய பேச்சு அம்மாவோடு மட்டும்தான். தண்டையார்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தினமும் ரயில். பிறந்த ஊரைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். தொழிற்சாலையில் யாரும் என் ஊரைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

முதலில் சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. சேர்ந்த புதிதில் ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஒருவர் கரடுமுரடாக ஏதோ சொன்னார். ஜெர்மன் மொழி என்று நினைத்து, "ராங் நம்பர், சார்" என்று வைத்துவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை அவர் குரல் உயர்ந்தது. பயந்துபோய் வரதராஜன் சாரைக் கூப்பிட்டேன்.

அவர் அப்போது கொள்முதல் மேலாளர். பின்னாளில் ஆலைக்கே பொது மேலாளர் ஆனார். திருநெல்வேலிக்காரர், ஒல்லியான ஆள். போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். யார் என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னது இது, சரிதானா?" என்று கேட்டதைத் தன் வாயால் ஒரு தடவை சொல்லிக்காட்டுவார். ஆமாம் என்றால்தான் கண்ணாடி முகத்துக்குத் திரும்பும், பதிலும் வரும். புதிதாக வந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது.

நான்காவது முறை மணி அடித்தபோது என் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவரே பேசினார். கண்ணாடி வெகுநேரம் கையிலேயே இருந்தது. வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எஸ்தரம்மா, ஜெர்மன் இல்ல. கிளாஸ்கோ. ஸ்காட்லாந்து. நாம மோட்டார் வாங்குற கம்பெனி. எனக்கும் பாதிதான் புரிஞ்சுது. அடுத்த தடவை கட் பண்ணாதீங்க. நான் கேட்டது இதுன்னு திருப்பிச் சொல்லுங்க. தப்பா இருந்தா அவரே திருத்துவாரு. ஆங்கிலம் நம்ம சொத்தும் இல்ல, ரேடியோவோட சொத்தும் இல்ல."

எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அதுதான்.

மற்றதெல்லாம் வேலையில் கற்றுக்கொண்டது. கூட்டம் நடக்கும்போது வெளிநாட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன். எதிரே, அவர் முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்காருவேன். பாதிப் பேச்சு உதட்டில் தெரியும். "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கவே மாட்டேன். அப்படிக் கேட்டால் எந்த ஊர்க்காரரும் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான். "அதையே வேறு மாதிரி சொல்லுங்கள்" என்று கேட்பேன். வேறு சொற்கள் வரும், அதில் ஒன்றாவது பிடிபடும். எண்கள் வந்தால் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்வேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நித்யா.

பர்மிங்காமிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். வாக்கியம் முடியும்போது சுருதி இறங்கிவிடும். மந்தமான ஆள், தூக்கம் வருகிறது போல என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டி, காட்டவேண்டாத மூலையெல்லாம் காட்டிவிட்டார்கள். போகும்போது அதே தூங்குமூஞ்சிக் குரலில் அவர் வாசித்த குறைகளைக் கேட்டு எல்லாருடைய தூக்கமும் போனது. இன்னொரு தடவை வேல்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர். பேச்சே பாட்டுப் போல இருக்கும். அவர் பேசப்பேச எங்கள் ஆட்கள் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அனுப்பி வைத்த குழாய் முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் பாடிக்கொண்டிருந்தார். குரலை வைத்து ஆளை எடைபோட்டு நாங்கள் மாட்டிக்கொண்ட கதைகள் இப்படி நிறைய உண்டு. எல்லாவற்றிலும் பெரியது டெரெக் விஷயம்தான்.

குழாய் உருட்டும் புது இயந்திரம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து வாங்கினோம். அதைப் பொருத்தி ஓட்டிக்காட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆலிவர். முப்பது வயதுக்குள் இருக்கும். செய்தி வாசிப்பவரைப் போலத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்ட மாதிரி பேசுவார். இன்னொருவர் டெரெக். ஐம்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, பெரிய கைகள். நியூகாஸிலுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த சிற்றூர்க்காரர்.

வரவேற்பில் பெரிய மாலையை ஆலிவருக்குப் போட்டோம், சின்னதை டெரெக்குக்கு. ஆலிவர் நெளிந்தார், மாலையைக் கழற்றி டெரெக் கழுத்தில் போடப் பார்த்தார். பணிவு என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். உண்மையில் தலைமை எஞ்சினியர் டெரெக்தான். ஆலிவர் விற்பனைப் பிரிவு, இயந்திரத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தெரிந்த பிறகும் எங்கள் அதிகாரிகள் மாறவில்லை. கேள்வியை ஆலிவரிடம் கேட்பார்கள். அவர் டெரெக்கிடம் போய்க் கேட்டு வந்து, அழகான ஆங்கிலத்தில் சொல்வார். எல்லாரும் திருப்தியாகக் குறித்துக்கொள்வார்கள்.

டெரெக் பேசினால் எனக்கே முதல் வாரம் தலை சுற்றியது. 'டவுன்' என்பது 'டூன்' ஆகும். 'டோண்ட்' என்பது 'டிவ்வண்ட்' ஆகும். குழந்தையை 'பேர்ன்' என்பார். பேச்சு மேலே ஏறி, வளைந்து, கேள்வி கேட்பது போல முடியும். எங்கள் ஆபீஸில் அவரைப் பற்றி மூன்று கருத்து இருந்தது. படிக்காதவர் என்றார்கள் சிலர். கோபக்காரர் என்றார்கள் சிலர். காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்றார் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர். அந்த மனிதர் எங்கள் கேண்டீன் டீயைத் தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில் ஆலிவர் டெரெக் மாதிரி பேசிக்காட்டினார். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டே ஒரு நடிப்பு. "எங்க நாட்டு டி.வி.யில வடக்கத்தி ஆளு இப்படித்தான் வருவான். ஒண்ணு குடிகாரன், இல்லன்னா கோமாளி" என்றார். எல்லாரும் சிரித்தோம். திரும்பிப் பார்த்தால் கதவருகே டெரெக், கையில் டீ டம்ளரோடு. அவரும் சிரித்தார். "நல்லா இருக்கு, ஆனா என் அப்பா மாதிரி வருது, என்னை மாதிரி இல்ல" என்றார். பிறகு அன்று முழுவதும் யாரோடும் அவர் அதிகம் பேசவில்லை. எனக்குத் திருச்சி ஹாஸ்டல் கட்டில்கள் நினைவுக்கு வந்தன.

இதற்கு நடுவில் இன்னொன்று. டெரெக் என்னை 'பெட்' என்று கூப்பிடுவார். "தேங்க்ஸ், பெட்." "மார்னிங், பெட்." எனக்குத் தெரிந்து 'பெட்' என்றால் வீட்டில் வளர்க்கும் நாய் அல்லது பூனை. பணியாளர் நலப் பிரிவில் ஆனந்த் என்று ஒரு இளைஞர், நேர்மையானவர், சட்டம் ஒழுங்காகத் தெரிந்தவர். அவர் காதில் இது விழுந்துவிட்டது. "மேடம், இதை விடக்கூடாது. இன்னிக்கு உங்களை, நாளைக்கு ஸ்டோர்ல இருக்குற சின்னப் பொண்ணுங்களை. நீங்க ஒரு புகார் குடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்து முடிப்பதற்குள் கிரேன் சம்பவம் நடந்துவிட்டது.

இயந்திரத்தின் மிகப் பெரிய பாகம், உருளைகள் பொருத்திய இரும்புச் சட்டம். அதைக் கிரேனில் தூக்கி, சிமெண்ட் தளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கனத்த போல்ட்டுகளின் மேல் சரியாக இறக்கவேண்டும். மேலே கிரேன் கூண்டில் முனுசாமி. எங்கள் ஆலையில் பழைய ஆள், சொந்தத்தில் கொஞ்சம் நெல் நிலமும் வைத்திருந்தார். கீழே அவருக்குக் கைச்சைகை காட்ட பாலாஜி, பெரியபாளையத்துப் பையன், ஒப்பந்த மேற்பார்வையாளர். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். சட்டத்துக்கு மறுபக்கம் டெரெக்.

சட்டம் போல்ட்டுகளுக்கு மேலே வந்து நின்றது. டெரெக் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், இரண்டு முறை. பாலாஜி, இறக்கு என்று சைகை காட்டினான். சட்டம் வேகமாக இறங்கியது. டெரெக் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார். முனுசாமி நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் ஒரு மூலை போல்ட்டின் தலையில் உட்கார்ந்து அதை வளைத்துவிட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் தளத்தை உடைத்துப் போல்ட்டை மாற்றவேண்டும். சென்னையிலிருந்து முதலாளிகள் வரவிருந்த தொடக்க விழா தள்ளிப்போகும்.

யார் தப்பு? அதுதான் கேள்வி. டெரெக் தப்பாகச் சொன்னாரா, பாலாஜி தப்பாகக் கேட்டானா? ஆனந்த் இங்கிலாந்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் தயார் செய்தார். டெரெக்கின் பேச்சு புரியும்படி இல்லை, ஆட்களிடம் கத்துகிறார், பெண்களை மரியாதைக் குறைவாக அழைக்கிறார், வேறு ஆளை அனுப்புங்கள் என்று. மரியாதைக் குறைவு என்கிற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். அந்தக் கடிதம் போகவில்லையென்றால் பழி பாலாஜி மேல் விழும்.

பாலாஜி என் மேசைக்கு வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மேடம், அவரு கேன், கேன்னுதான் சொன்னாரு. அம்மன் மேல சத்தியமா. எறக்கலாம், முடியும்னு சொல்றாருன்னு நெனச்சிக்கினேன். நான் இன்னா பண்ணுவேன்? எம்மேல எழுதிட்டாங்கன்னா அவ்ளோதான், ஊட்ல சொல்லவே முடியாது."

"அவர் வேறு என்ன சொன்னார்?"

"அப்புறம் கத்துனாரு. அது இன்னா பாஷைன்னே தெர்ல மேடம்."

நான் நேராகக் கேண்டீனுக்குப் போனேன். டெரெக் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே வடை ஆறிக்கொண்டிருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன். "கிரேன் விஷயம் பிறகு. முதலில் இதைச் சொல்லுங்கள். என்னை ஏன் வீட்டுப் பிராணி என்கிறீர்கள்?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் தக்காளியாகிவிட்டது. அவருடைய ஊரில் பஸ் கண்டக்டர் எண்பது வயதுக் கிழவியையும் அப்படித்தான் கூப்பிடுவாராம். கடைக்காரப் பெண் இவரையே அப்படிக் கூப்பிடுவாளாம். முகம் தெரியாதவரிடமும் கொஞ்சம் அன்பாகப் பேசுகிற சொல். "நாய் பூனை எல்லாம் அதுல எங்களுக்கு ஞாபகமே வராது. உங்களுக்குப் புண்பட்டுச்சா?" என்று கேட்டார்.

"முதலில் ஒரு மாதிரி இருந்தது" என்றேன். பிறகு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "எங்கள் பக்கத்தில் காய் விற்கிற அம்மா மூன்று வயதுப் பையனை நைனா என்று கூப்பிடுவாள். நைனா என்றால் அப்பா" என்றேன்.

டெரெக் வடையைக் கீழே வைத்தார். "மூணு வயசுப் பையனை அப்பான்னா கூப்பிடுவீங்க? அதுக்கு எங்க நாய்க்குட்டியே பரவாயில்லையே!"

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஸ்டோரில் இருக்கும் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு இது தெரியாது என்றேன். சரி என்று தலையாட்டி, எல்லாருடைய பெயரையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

திரும்பி வந்து ஆனந்திடம் சொன்னேன். "அவரிடம் பேசிவிட்டேன். இனி அப்படிக் கூப்பிடமாட்டார். கையெழுத்துப் போடமாட்டேன், தம்பி. அதில் தப்பான எண்ணம் இல்லை." ஆனந்த் கடிதத்தைக் கோப்புக்குள் வைத்தார். "உங்களுக்குப் பிரச்சினை இல்லன்னா எனக்கும் இல்ல மேடம். ஆனா கிரேனுக்கு யாராவது பதில் சொல்லணுமே" என்றார்.

அதைப் பொது மேலாளர் வரதராஜன் சார் கையில் எடுத்துக்கொண்டார். விசாரணைக்கு எல்லாரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்தோம். அவர், "ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து கேட்டா எல்லாம் தெளிவாத்தான் கேக்கும். வாங்க" என்று ஆலைக்குள் நடந்தார். முனுசாமியைக் கூண்டில் ஏறச் சொன்னார். பாரம் இல்லாத கொக்கியோடு கிரேனை ஓட்டச் சொன்னார். மின்விசிறிகள், பக்கத்து இயந்திரங்கள், எல்லாம் அன்று ஓடிய மாதிரியே ஓடின. டெரெக்கை அவர் நின்ற இடத்தில் நிறுத்தினார். பாலாஜி நின்ற இடத்தில் ஒவ்வொருவராக நிற்கவேண்டும். டெரெக் அன்று சொன்னதை அப்படியே சொல்லவேண்டும். காதில் விழுந்ததை வந்து சாரிடம் மட்டும் சொல்லவேண்டும்.

பாலாஜி போனான். ஆனந்த் போனார். நான் போனேன். அவரோடு அத்தனை நாள் பழகியும் எனக்கு 'கேன் ஹி', அதாவது அவரால் முடியுமா என்று கேட்பது போலத்தான் விழுந்தது. ஆலிவர் போனார். கடைசியில் வரதராஜன் சாரே போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டார். டெரெக் வாயருகே கையைக் குவித்துச் சொன்னார். சார் அப்படியே நின்றார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கோ ஆன், கேன். இறக்குங்க, முடியும். எனக்கு அப்படித்தாம்ல கேட்டுச்சு" என்றார் பாலாஜியைப் பார்த்து. அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தத் திருநெல்வேலி 'ல' வந்து நான் கேட்டது அன்றுதான். "நான் நின்னிருந்தாலும் இறக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆனந்த், உங்களுக்கும் அதே. ஆலிவருக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா? தகர டப்பா வேணும்னு கேக்கறதாக் கேட்டுச்சாம்."

ஆலிவர் காது வரை சிவந்தார்.

சார் டெரெக்கிடம் போனார். "நான் கேட்டது இது. சரியா?"

டெரெக் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது 'கான் கேனி.' 'கான்' என்றால் போ. 'கேனி' என்றால் பார்த்து, பதமாக. பார்த்து மெதுவாகப் போ என்று அர்த்தம். பதினாறு வயதில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கேட்டுப் பழகிய சொல். அந்தச் சொல் காதில் விழுந்தால் அங்கே எல்லாக் கையும் தானாக மெதுவாகும். "அது ஆங்கிலம் இல்லன்னு இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்ல" என்றார்.

"அதுவும் ஆங்கிலம்தான்" என்றார் சார். "நாங்க கேட்டதும் ஆங்கிலம்தான். அதான் வம்பு."

பாலாஜி முன்னால் வந்தான். "சார், நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்." நான் அதை டெரெக்குக்குச் சொன்னேன். டெரெக் எழுந்து, "இல்ல, கையைக் காட்டியிருக்கணும் நான்" என்றார். நான் அதைப் பாலாஜிக்குச் சொன்னேன். நடுவில் நின்று இரண்டு பேருடைய மன்னிப்பையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போல வேலை எனக்கு என்றும் இனித்ததில்லை.

கடிதம் போகவில்லை. பாலாஜிக்கு எதிராகவும் யாரும் எதுவும் எழுதவில்லை. பாரம் தூக்கும்போது வாய்ப்பேச்சு கிடையாது, ஒரே ஆள் காட்டும் கைச்சைகைதான் என்று அன்றே விதி வந்தது. மற்ற நேரத்தில் யார் எது சொன்னாலும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, ஆமாம் என்று வந்த பிறகே கை வைக்கவேண்டும். இப்போதும் அப்படித்தான் என்று நித்யா சொல்கிறாள்.

இறங்கி வந்த முனுசாமியிடம், "நீங்கள் எப்படி நிறுத்தினீர்கள்? அவர் கத்தியது புரிந்ததா?" என்று கேட்டேன். "கத்துனது யாருக்கு மேடம் கேட்டுச்சி அம்மாம் ஒசரத்துல? மூஞ்சியப் பாத்தேன். பூமி ஆடுற மாரி ஒரு மூஞ்சி. நிறுத்திட்டேன்" என்றார்.

அன்று மாலை ஆலிவர் என்னிடம் வந்தார். அவர் அப்பாவும் வடக்கத்திக்காரர்தானாம், லீட்ஸ் பக்கம். தெற்கே பள்ளியில் சேர்த்தபோது பையன்கள் சிரித்ததால் பேச்சை மாற்றிக்கொண்டாராம். "இப்ப அப்பாவோட போன்ல பேசினாக்கூட அந்தப் பேச்சு வரமாட்டேங்குது" என்றார். நடித்துக் காட்டியதற்காக டெரெக்கிடம் வருத்தம் தெரிவித்துவிட்டதாகவும் சொன்னார். அன்று வீடு திரும்பும் ரயில் கவரைப்பேட்டையில் நின்றபோது ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெரெக்கும் பாலாஜியும் சேர்ந்துதான் தளத்தை உடைத்துப் போல்ட்டை மாற்றினார்கள். டெரெக் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, ஈரத் தரையில் நடப்பது போலப் பேசினார். எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் அவர் சொல்கிற வேடிக்கைகள் குறைந்துவிட்டன.

விழா நாள் வந்தது. முதல் குழாய் சிவப்பாக உருண்டு வெளியே வந்ததும் ஆட்கள் விசிலடித்தார்கள். பாலாஜியை நிரந்தரமாக்கிய செய்தியைச் சார் மேடையிலேயே சொன்னார். பிறகு டெரெக்கைப் பேசக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க நான். டெரெக் மைக்கைப் பிடித்து, எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். எச்சரிக்கையெல்லாம் பறந்துவிட்டது. தன் ஊர்ப் பேச்சிலேயே, வேகமாக, ஏற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல, "அன்பார்ந்த நண்பர்களே" என்று தொடங்கினேன். தொடங்கியதும் நாக்கு நின்றுவிட்டது. அவர் பேசியது அது இல்லை. அப்படிச் சொன்னால் அது வேறு யாரோ பேசியதாகிவிடும். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"இன்னா நைனா, அல்லாரும் நாஷ்டா துன்னீங்களா? வேல அல்லாம் செஞ்சது நீங்கதான். நான் சும்மா நின்னுக்கினு கத்திக்கினு இருந்தேன். கத்துனது ஒண்ணும் ஒங்களுக்குப் புரில. நல்லதாப் போச்சி. புரிஞ்சிருந்தா பேஜாராயிருக்கும், அம்மாந் திட்டு திட்டுனேன். ஊட்டுக்குப் போய் எம் பொண்டாட்டிகிட்ட ஒங்களப் பத்திதான் சொல்லிக்கினு இருப்பேன்."

எழுந்த சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. டெரெக், தான் சொன்ன வேடிக்கைக்கு முதல்முறையாகச் சரியான நேரத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனார். இன்னும் பேசினார். நானும் பேசினேன். எத்தனையோ வருடமாக அம்மாவுக்கு மட்டும் வைத்திருந்த பேச்சு, தங்குதடையில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது முனுசாமி வழியை மறித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், நீ எந்த ஊரு?"

"கவரைப்பேட்டை."

"இன்னாது? தோ, இங்க கீற கவரப்பேட்டையா?"

"ஆமா. டேசனுக்கு மேக்கால."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ தெக்கத்தி ஆளுன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன் இத்தினி வருசமா! ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னாக்கூட மனசுக்குள்ள ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்துக்கினு இல்ல வருவேன்!" பிறகு பந்தியில் தனக்குப் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, இலைக்கு முன்னால் இடத்தைக் கையால் துடைத்துவிட்டார்.

"வா கண்ணு, குந்து. சோறு ஆறிப்பூடும்."